பசையில்லாமல் ஒட்டிய போஸ்டர்கள்

ஏழு ராஜாக்கள் ஆண்டு, ஏழு பேரில் ஒருவர்கூடப் படுக்கையில் சாகாத ஊர் எங்கள் மதிலூர். அந்த ஊரில் நாற்பத்தோரு வருஷமாகப் போஸ்டர் ஒட்டுகிறவன் நான். யார் செத்தாலும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தகவல் வரும். மேலே செத்தவர் படம், அதற்கு இரண்டு பக்கமும் தோற்றம், மறைவு என்று தேதிகள், கீழே ‘இவண்’ என்று போட்டு அழுகிறவர்களும் அழுவதாகச் சொல்கிறவர்களும் வரிசையாக, எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும். இதுதான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அதன்மேல் எவனும் எதையும் ஒட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. சினிமாப் படமானாலும் ஆளுங்கட்சி மாநாடானாலும் செத்தவன் முகத்தைச் சுற்றி இடம் விட்டுத்தான் ஒட்டவேண்டும்.

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் மைதாப் பசை வாளியோடு மணிக்கூண்டுச் சுவருக்குப் போனபோது, நான் ஒட்டாத அஞ்சலி போஸ்டர் ஒன்று அங்கே இருந்தது. நாலு ஷீட் அளவு, நல்ல கலர். படத்தில் இருந்தவன் தலைமுடியெல்லாம் சுண்ணாம்பாக, வேலை நடுவில் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுத்தவன் மாதிரி எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தான். ‘மறைவு: கோட்டை கட்டிய மூன்றாம் வருஷம், தை அமாவாசை’ என்று போட்டிருந்தது. மதில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததால் முதல் ராஜா உயிரோடு வைத்துக் கட்டினாரே ஒரு கொத்தனை, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தால் பேர் சொல்லிப் பயமுறுத்துவார்களே, அவன்தான். அழுகிறவர்கள் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ராஜா, மந்திரி, நாள் குறித்த ஜோசியர், கூலி பிரித்துக் கொடுத்த மேஸ்திரி என்று நாலு பேர்கள் இருந்தன. அடியில் அச்சகத்தின் பேர் இல்லை.

“என்னய்யா, உனக்குப் போட்டியா ஆள் இறங்கிட்டான் போல” என்றார் எதிரே டீக்கடை வைத்திருக்கும் காசிம் பாய்.

“எவன்னு தெரியலை பாய். துளிப் பசை இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. நம்ம ஊர்ல எவனுக்கும் இவ்வளவு சுத்தமா ஒட்ட வராது.”

“உனக்குமா?”

“எனக்கும்தான்னு வச்சுக்கங்க.”

மணிக்கூண்டு ஆடுகள் வழக்கம்போல மைதாவுக்கு ஆசைப்பட்டு வந்தன, மோந்து பார்த்தன, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டன. எனக்கு அன்று ரிலீஸ் படத்துக்கு முப்பது போஸ்டர் பாக்கி. கொத்தனைச் சுற்றி இடம் விட்டு ஒட்டிவிட்டுப் போனேன்.

மறுநாள் நவாபு காலத்தில் யானைக்காலில் இடறப்பட்ட தண்டல்காரன் வந்தான். அதற்கு மறுநாள் வெள்ளைக்காரத் துரையின் சமையல்காரி, அகழியில் மிதந்தவள், ஈரத் தலையோடு வந்தாள். பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டதால் வாசலில் செத்த நாற்பது பேர் ஒரே போஸ்டரில், பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி, சின்னவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்க வந்தார்கள். நகராட்சியில் இருந்து வந்து, அச்சகத்தின் பேர் இல்லாத போஸ்டர் சட்ட விரோதம் என்று அந்தந்தப் போஸ்டருக்குப் பக்கத்திலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீசை ஆடு தின்றது. சுகாதார ஆய்வாளர் இரும்புத் தகடு வைத்துச் சுரண்டிப் பார்த்தார். சுவர் வந்தது, தாள் வரவில்லை. பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. எங்கள் ஊர் எதற்கும் எட்டு நாளில் பழகிக்கொள்ளும்.

அந்த எட்டாம் நாள்தான் எனக்கு நெஞ்சுக்குள் ஒன்று தட்டியது. இந்த ஊரில் நடந்த எல்லாக் கொலைக்கும் போஸ்டர் வருகிறதென்றால், சர்வேயர் தேவசகாயத்துக்கும் வந்தே ஆகவேண்டும்.

எழுபத்திரண்டில், அகழியை அளக்க மேலிடத்திலிருந்து வந்தவர் தேவசகாயம். அவருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவர் என் அப்பா சின்னாண்டி. அகழியின் கிழக்குப் பாதியை மண்ணடித்து மூடி அதன்மேல் கிடங்கு கட்டியிருந்தார் ஜவுளிக்கடை சிவக்கொழுந்து. மூன்று நாள் அளந்தார்கள். நான்காம் நாள் மத்தியானம், மூடாத பாதி அகழியில் சர்வேயர் கிடந்தார், நெஞ்சில் அளவுக் கம்பியோடு. அளவுச் சங்கிலியோடு பத்துக் கம்பி வரும், பத்தும் என் அப்பா பொறுப்பு. அதில் ஒன்று குறைந்ததால் குத்தியதும் அப்பாதான் என்று ஆனது. அகழியைப் பார்த்து ஜன்னல் வைத்த வீடுகள் எங்கள் தெருவில் பதினொன்று. சாட்சிக்கூண்டில் ஏறி, அன்று மத்தியானம் பதினொரு வீடும் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அப்பா ஆயுள் தண்டனையில் போய் மூன்றாம் வருஷம் ஜெயிலில் இருமி இருமிச் செத்தார். அம்மா தெருக்குழாயில் கடைசிக் குடமாக நின்றாள். பிறகு கடைசிக்கும் இடமில்லை என்றார்கள். மூன்றாம் வகுப்பில் பரமானந்தம் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், நாளையிலிருந்து வராதே என்றார். அன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வருஷமாக நான் இந்த ஊரில் சொல்லிக்கொண்டு வந்தது ஒரே வாக்கியம்: எங்கப்பா குத்தலை. அதைச் சுவரில் வந்து யாராவது சொல்லிவிட்டால் போதும், நான் நிம்மதியாகச் சாவேன்.

இப்படி நான் காத்திருந்தபோது, ஊர் வேறு திசையில் போய்விட்டது.

போஸ்டர் பார்க்க வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை என்பதை முதலில் கவனித்தவன் நான்தான். செத்தவன் கண்ணைத் தாண்டி நேராக ‘இவண்’ என்ற இடத்துக்குப் போய்விடுவார்கள். கொத்தன் போஸ்டரில் இருந்த மந்திரிக்கு நாங்கள்தான் வாரிசு என்று சைக்கிள் ஸ்டாண்டு கோதண்டம் ஒரு சாயங்காலம் மாலையோடு வந்து நின்றான். அதுவரை அவனை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மறுநாளிலிருந்து மந்திரி வகையறா என்றார்கள். பரமானந்தம் வாத்தியார், எழுபத்தெட்டு வயசில் வரலாற்றுக் கழகம் ஒன்றை ஆரம்பித்து, எந்தப் போஸ்டரில் இருக்கும் எந்தப் பேருக்கு எந்த வீடு வாரிசு என்று முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தார். கல்யாணப் பேச்சில் பையன் என்ன படித்திருக்கிறான் என்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் எத்தனை போஸ்டர் என்று கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக யாரையும் ஒன்றும் செய்யாத வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது என்று ஒரு சம்பந்தம் முறிந்தது. அந்த வீட்டுக்காரர் அவமானம் தாங்காமல் வெளியூரில் ஆளை வைத்து, தன் பாட்டன் இரண்டு பேரைக் கிணற்றில் தள்ளியதாக ஒரு போஸ்டர் அடித்துத் தானே ஒட்டினார். பத்து மணிக்குள் ஆடு தின்றுவிட்டது. அதோடு அவர் ஊரைவிட்டே போனார்.

மீன்கடைச் சுவரில் ஒருநாள், புருஷன் எண்பத்தெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திய பெண் வந்தாள். ஸ்டவ் வெடித்ததென்று அப்போது கேஸ் முடிந்திருந்தது. அவள் தங்கச்சி வந்து படத்தின் முன் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் புருஷன்காரன், கைகால் நடுங்குகிற வயசில், தன் பேர் இருக்கும் இடத்தைப் பேரன்களுக்குக் காட்டி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் ஓரமா நின்னு அழும்மா, பேர் மறைக்குது என்று அவளைத்தான் சொன்னார்கள்.

எனக்கும் மரியாதை வந்தது. போஸ்டர் வராவிட்டாலும் கோர்ட்டுத் தீர்ப்பே இருக்கிறதே, சர்வேயரைக் குத்தியவர் மகன் இவர் என்று. காசிம் பாய் கடையில் முன் பெஞ்சில் இடம் விட்டார்கள். என் அம்மாவைக் குழாயிலிருந்து விரட்டிய வீட்டு மருமகள், மாமா ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க என்று கையைப் பிடித்தாள்.

“எங்கப்பா குத்தலைம்மா” என்றேன்.

“எவ்வளவு அடக்கம் பாருங்க” என்றாள் அவள், பக்கத்து வீட்டைப் பார்த்து.

அந்தக் காப்பியை நான் குடித்தேன். நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

பங்குனி பிறந்து நாலாம் நாள் காலை, ஜவுளிக் கிடங்கின் சுவரிலேயே சர்வேயர் வந்தார். தொப்பி, தடிச் சட்டகத்துக் கண்ணாடி, பையில் இரண்டு பேனா, என் எட்டாவது வயசில் பார்த்த அதே ஆள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இவண். சி-வ-க்-கொ-ழு-ந்-து. அதன்கீழ் ஒன்றும் இல்லை. மறுபடி கூட்டினேன். மறுபடியும் ஒன்றும் இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான்.

சிவக்கொழுந்தின் பேரன் இளஞ்செழியன் எங்கள் வார்டு கவுன்சிலர். கிழிக்க ஆள் அனுப்புவான் என்று நினைத்து, கொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போஸ்டருக்கு முன்னால் நின்றேன். பத்து மணிக்கு அவனே வந்தான். தவுல், நாயனம், ஆளுயர ரோஜா மாலை, ஆயிரம்வாலா பட்டாசு. பின்னால் பரமானந்தம் வாத்தியார். பாதி ஊர்.

மாலையைத் தாத்தா பேரில் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அய்யாக்கண்ணு அண்ணே, ஐம்பத்திரண்டு வருஷம். எங்க தாத்தா பேரு இருக்கவேண்டிய இடத்துல உங்கப்பா பேரு இருந்திருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?”

“நான்தான் சொல்லிட்டே இருந்தேனே தம்பி, எங்கப்பா குத்தலைன்னு.”

“மெதுவாச் சொல்லியிருக்கீங்க.”

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஆவணப்படி பார்த்தால் இது களவு. சிவக்கொழுந்து செய்த காரியத்தை இவர் தகப்பனார் தன் பேரில் அனுபவித்திருக்கிறார்.”

“ஜெயிலை அனுபவிச்சார் சார்.”

“எதுவாக இருந்தால் என்னப்பா. உரியவருக்குப் போய்ச் சேரவில்லையே.”

கூட்டம் ஆமாம் என்றது. முன் பெஞ்சில் உட்கார்ந்தானே, காப்பி குடித்தானே, எல்லாம் அடுத்த வீட்டுக் கொலையை வைத்துத்தானே என்றார்கள். காப்பி கொடுத்தவளே சொன்னாள். கொலைகாரன் மகனாக ஐம்பத்திரண்டு வருஷம் இருந்தவன், அன்று பதினோரு மணிக்குக் கொலையைத் திருடியவன் மகனாக ஆனேன்.

ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டுத் திடலில் சிவக்கொழுந்துக்குப் பாராட்டு விழா. அதில் நான் மேடையேறி இரண்டு வாக்கியம் சொல்லவேண்டும் என்று முடிவானது. ஒன்று, எங்கப்பா குத்தலை. இரண்டு, இத்தனை நாள் பேரை வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் மதிலூரில் எனக்கு ஒரு போஸ்டர்கூட ஒட்டக் கிடைக்காது.

காசிம் பாய் வீட்டுக்கே வந்தார். “சொல்லிட்டுப் போயேன்யா. முதல் வாக்கியம் நீ கேட்டதுதானே.”

“நான் கேட்டது அவங்க வாயில பாய்.”

“மைக்குல சொல்லப்போறே. ஊரே கேட்கும். உங்கம்மா இருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்.”

அம்மா பேரைச் சொன்னதால் போனேன். மேடையில் சிவக்கொழுந்து படம் ஏழடி உயரத்துக்கு இருந்தது, கையில் அளவுக் கம்பியோடு புதிதாக வரைந்திருந்தார்கள். மைக்கைப் பிடித்தேன். ஐம்பத்திரண்டு வருஷமாகக் குழாயடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் போலீஸ் ஸ்டேஷன் படிக்கட்டிலும் பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளிலும் சொன்னதை மூன்றாயிரம் பேருக்குச் சொன்னேன். எங்கப்பா குத்தலை. கைதட்டினார்கள். என் ஆயுளில் அந்த வாக்கியத்துக்கு நான் வாங்கிய முதல் கைதட்டல். விசில்கூட அடித்தார்கள்.

“அடுத்தது சொல்லுங்கண்ணே” என்றான் இளஞ்செழியன், மைக்கில் விழாதபடி.

“அடுத்தது எதுவும் இல்லை தம்பி” என்றேன். மைக்கில் விழுந்தது. இறங்கி நடந்தேன். யார் மேலாவது கோபம் வந்தால் எனக்கு நடை நேராக இருக்கும். அன்று வீடுவரை கோடு போட்ட மாதிரி நடந்தேன்.

அன்றே தீர்மானம் போட்டார்கள். சின்னாண்டி என்பவர் பிறர் கொலையைக் களவாண்டவர் என்று வரலாற்றுக் கழகத்தின் புத்தகத்தில் ஏறியது. எனக்கு வேலை நின்றது. அச்சகத்தில் போய் நின்றால், செத்தவங்க யாரும் இல்லையே என்றார்கள், தலைக்கு மேல் கொடியில் அஞ்சலி போஸ்டர் காய்ந்துகொண்டிருக்கும்போதே. டீக்கடையில் பாய் கிளாசைக் கொடுத்துவிட்டு, பின்னால போய் உட்காருய்யா, ஆளுங்க முறைக்கிறாங்க என்றார். அவர் கடையும் நடக்கவேண்டுமே. வாளியில் இருந்த பசை காய்ந்து தட்டாகிவிட்டது.

இருபது நாள் கழித்து, வேலை இல்லாவிட்டாலும் பழக்கத்துக்கு விடியலில் மணிக்கூண்டுப் பக்கம் போனேன். சுவரில் என் அப்பா இருந்தார்.

அப்பாவைப் படம் எடுத்ததே கிடையாது. முகம் எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. காதோரம் இருந்த வெட்டுத்தழும்பு மட்டும் ஞாபகம். அது இருந்தது. முப்பத்தாறு வயசு. என்னைவிட இருபத்துநாலு வயசு சின்னவர். தம்பி என்று கூப்பிடுகிற வயசு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ அளவுக் கொடிக்கம்பை நட்டுவிட்டுச் சரியா என்று கேட்டதற்குப் பதில் சொல்லப்போகிறவர் மாதிரி நின்றார். அப்பா இருமிச் செத்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கொலை செய்யப்பட்டவர்களுக்குத்தானே போஸ்டர் வரும் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கீழே ‘இவண்’. முதல் பேர் சிவக்கொழுந்து இல்லை. எங்கள் தெருவின் முதல் வீடு. பிறகு இரண்டாம் வீடு. பதினொரு வீடு முடிந்த பிறகுதான் சிவக்கொழுந்து வந்தார், அவரும் மற்றவர்கள் அளவு எழுத்தில். அப்புறம் விசாரித்த இன்ஸ்பெக்டர், பரிசோதித்த டாக்டர், தீர்ப்பை எழுதியவர், பரமானந்தம் வாத்தியார், குழாயடியில் நின்ற பெண்கள் குடத்து வரிசைப்படி. போஸ்டர் அங்கே முடியவில்லை. மணிக்கூண்டுச் சுவர் தீர்ந்ததும் பக்கத்துச் சுவரில் ஏறி, உப்புக்கிடங்குத் தெருவில் திரும்பி, கோட்டைவாசல்வரை பேர் பேராக ஓடியது.

எட்டு மணிக்கெல்லாம் கூட்டம் வந்தது. வழக்கம்போலப் படத்தைத் தாண்டிக் கீழே போனார்கள். தன் வீட்டுப் பேரைக் கண்டுபிடித்தவர்கள் அப்படியே மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்கள். மாலை வரவில்லை, தவுல் வரவில்லை, வாரிசுச் சான்றிதழ் கேட்டு ஒருவரும் போகவில்லை. கோதண்டம் தன் தாத்தாவின் பேரைப் பார்த்துவிட்டு, அது வேற கோதண்டம் என்று யாரும் கேட்காமலேயே சொன்னான். பரமானந்தம் வாத்தியார் தன் பேருக்கு முன்னால் வெகு நேரம் நின்று, இந்தப் போஸ்டரின் நம்பகத்தன்மை ஆய்வுக்கு உரியது என்றார். இளஞ்செழியன் மத்தியானம் ஆள் அனுப்பினான். புதுப் பட போஸ்டர் ஆயிரம் இருக்கிறதாம், மணிக்கூண்டிலிருந்து கோட்டைவாசல்வரை இடைவெளி இல்லாமல் ஒட்டவேண்டுமாம், என்னைத் தவிர யாருக்கும் அவ்வளவு நேர்த்தி வராதாம்.

“முதல்ல படிச்சு முடிச்சிடறேன்” என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து படிக்கிறேன். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. ஒரு பேருக்கு அரை நிமிஷம் பிடிக்கும், கூட்டெழுத்து வந்தால் இன்னும் கூட. ஒரு நாளைக்கு ஒரு தெரு முடிந்தால் பெரிசு. நான் வருகிறேன் என்றால் அந்தத் தெருவில் ஜன்னல்கள் சாத்திக்கொள்கின்றன. மத்தியான வேளையில் தெருவே தூங்குகிறது. பின்பக்கமாக வந்து பேசுகிறவர்களும் உண்டு. காப்பி கொடுத்த மருமகள் வந்தாள்.

“மாமா, எங்க மாமியாரு பேரை மட்டும் மனசுக்குள்ள படிச்சுக்கங்களேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு பழக்கம் இருக்குல்ல.”

“எனக்கு வாய்விட்டுப் படிச்சாத்தாம்மா எழுத்து கூடும்.”

“மெதுவாவாவது படிங்க.”

“மெதுவாச் சொன்னா விளங்கலைங்கறாங்களே.”

புதன்கிழமை காசிம் பாய் கடையிலிருந்து எழுந்து வந்து, ஒரு கிளாஸ் டீயை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்க்காமல் கேட்டார்.

“எங்க வாப்பா பேரு எங்கய்யா வருது?”

பார்த்து வைத்திருந்தேன். “நாளைக்கு வரும் பாய். உப்புக்கிடங்கு முக்குல. குழாய்க்கு எதிர்வீடு அப்போ உங்களதுதானே.”

காலி கிளாசை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கடையைத் திறக்கவில்லை. சரிதான், இவரும் ஜன்னலைச் சாத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டு முக்குக்குப் போனால், தொப்பி வைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை, எத்தனை வருஷப் பழக்கமானாலும் அதை என்னால் செய்ய முடியவில்லை. பேர் முடிந்ததும் அவர் தலையைக் குனிந்தார். போய்விடுவார் என்று நான் காத்திருந்தேன். போகவில்லை. என் பக்கத்தில் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

“எழுத்து பொடியா இருக்கேய்யா. உனக்குக் கண்ணு தெரியுதா?”

“கஷ்டம்தான் பாய்.”

“தள்ளு” என்றார். அடுத்த பேரை அவர் படித்தார்.